உம் கொட்டியவள்

முதல் பேன் இடது காதுக்குப் பின்னால் அகப்பட்டது. மங்கையர்க்கரசி அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மற்ற நகத்தால் அழுத்தினாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த மகள் மகிழினி தலையைத் திருப்பாமலே, “செத்துச்சா?” என்றாள். “செத்துச்சு.” “பெருசா?” “பெருசுதான். குனி.” குனிந்தாள். எட்டு வயதுப் பிடரி. நடுவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றி வேர்க்குரு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியிருந்தது. உள்ளறையில் அவள் கணவன் சொக்கலிங்கம் குப்புறப் படுத்துத் தூங்கினான். சமையற்கட்டில் அவனுடைய அக்கா வடிவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மே மாத வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருந்தது. அந்த நிழல் சுவரில் ஏறும்போது மங்கை பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். பஸ் ஏறினால் விடியும்போது வேதாரண்யம். அங்கே உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற துணைமின் நிலையத்தில் அவள் உதவிப் பொறியாளர். வாரம் முழுக்க அங்கே, ஞாயிறு மட்டும் மதுரையில் இந்த வீட்டில். இதில் புதிதாக எதுவும் இல்லை, இரண்டு வருஷமாக இப்படித்தான். ஆனால் இன்று சாப்பிடும்போது வடிவு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நீ சரின்னு சொன்ன அன்னைக்கே திருப்பூர்ல அவருகிட்டச் சொல்லிட்டேன் மங்கை. அவரும் ஸ்கூல்ல பேசிட்டாரு. நாளைக்குக் காலையில மகியைக் கூட்டிக்கிட்டு நான் கிளம்புறேன். இனி அங்கனயே படிக்கட்டும். நீ நிம்மதியா வேலையைப் பாரு.” மங்கையின் வாயில் சோறு இருந்தது. மெல்லாமல் விழுங்கினாள். நான் எப்போது சரி என்று சொன்னேன் என்று கேட்க வாயைத் திறந்தபோது சொக்கலிங்கம் அப்பளம் கேட்டான், வடிவு எழுந்து போனாள், பேச்சு அப்பளத்துக்குப் போய்விட்டது. திறந்த வாயில் அவள் மோர் மிளகாயைப் போட்டுக்கொண்டாள்.

எப்போது சொன்னேன்? சீப்பை உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் இழுத்தாள். பேன்சீப்பின் பற்கள் நெருக்கமானவை, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிள்ளைக்கு வலிக்கும், பேனும் தப்பிக்கும். எப்போது சொன்னேன்? போன ஞாயிறு சொல்லவில்லை. போன ஞாயிறு அந்தப் பேச்சே எழவில்லை. வடிவின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, இரண்டு வருஷமாக மனிதர் ஹோட்டலில் சாப்பிடுகிறார், இனியும் மனைவியை இங்கே விட்டுவைக்க முடியாது என்கிறார் என்று மட்டும் வடிவு சொன்னாள். அது நியாயம்தான். தம்பி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், சும்மா நாலு மாதம் என்று வந்தவள், தன் வீட்டை மறந்து இங்கேயே இருந்துவிட்டாள். குழந்தை இல்லாதவள். அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் கோபப்பட முடியாமல் போய்விடும். இப்போது கோபம் வேண்டும். யார் மேல்? சீப்பில் இரண்டு குட்டிப் பேன்கள் நெளிந்தன. காதோரம் முழுக்க ஈர், வெள்ளை வெள்ளையாக, முடியோடு ஒட்டிக்கொண்டு. இதெல்லாம் ஒரு நாளில் வந்தவை இல்லை. போன ஞாயிறும் இருந்திருக்கும். போன ஞாயிறு தலையைப் பார்த்தேனா? சீவினேன், பின்னினேன், பார்த்தேனா? “மதினி, தலை நிறைய இருக்கு,” என்று சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னாள். “இருக்காதா பின்னே?” என்று குழாய்ச் சத்தத்துக்கு மேலே வடிவின் குரல் வந்தது. “உன் மக தலையில ஒரு மாட்டுத்தாவணியே ஓடுது. வெளியூர் பஸ்ஸு, டவுன் பஸ்ஸு, எல்லாம் வந்து போகுது. சீப்பை எடுத்தாலே ஓட்டம் பிடிக்கிறா. இன்னைக்கித்தான் அம்மா கையில சிக்கியிருக்கா.” மகிழினி சிரிக்கவில்லை. அவள் அத்தையின் கேலிக்கு எப்போதும் பதில் சொல்கிறவள்.

இன்னொன்றும் இருந்தது. அதை மங்கை காலையிலிருந்து நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டியபோது மகிழினிதான் திறந்தாள். திறந்து, ஒதுங்கி நின்று, “வாங்க” என்றாள். மங்கை முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களோ என்று. ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் மகிழினி ‘வாங்க’ என்று சொல்கிறவர்கள் உண்டு. சிலிண்டர் போடுகிறவருக்கு வாங்க. அப்பாவின் கண்ணாடிக் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற மாமாவுக்கு வாங்க. திருப்பூர் மாமா வந்தால் வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா. அம்மாவுக்கு எப்போதும் ‘வா’தான். ஏம்மா லேட்டு, என்ன வாங்கிட்டு வந்த, பையைக் குடு. அந்த ‘குடு’வில் ஒரு பிடுங்கல் இருக்கும். இன்று பிடுங்கவில்லை. பையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்தாள். மங்கை பிறகு பல் தேய்க்கும்போது யோசித்தாள், யாரோ மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பெரிய ஆபீசர், வாங்க போங்க என்று கூப்பிடணும் என்று வடிவு சொல்லியிருப்பாள். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை ‘வாங்க’ என்றுதான் சொல்கின்றன, ஒன்றும் குறைந்துவிடவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மகிழினி பேசியதை எல்லாம் காது எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ‘செத்துச்சா’ என்று கேட்டால் அதில் ‘நீ’யும் வேண்டாம், ‘நீங்க’வும் வேண்டாம். ‘பெருசா’ என்றாலும் வேண்டாம். காலையிலிருந்து பிள்ளை அப்படியே பேசிக்கொண்டிருக்கிறாள். தோசை போதும். தலை வலிக்குது. தண்ணி வேணும். அம்மாவை எப்படி அழைப்பது என்று தெரியாத வாக்கியங்கள். இந்த வயதில் இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது?

மூலையில் ஒரு பை இருந்தது. மகிழினியின் பள்ளிக்கூடப் பை. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று, பை எதற்கு இப்படிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்று விடியற்காலையில் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. இப்போது பார்த்தது. அதற்குள் துணி. ஜிப் மூடாத இடத்தில் மஞ்சள் பாவாடையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. யார் மடித்து வைத்தது? வடிவு மடித்தால் இப்படி நீட்டிக்கொண்டு நிற்காது. பிள்ளையே வைத்திருக்கிறாள்.

திங்கள் சொல்லவில்லை. திங்கள்கிழமை பகல் முழுவதும் காற்று. கடல் பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றில் உப்பு வரும். கம்பத்துப் பீங்கான்களில் மாவு மாதிரி படியும். படிந்த உப்பு ஈரமானால் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும். பீங்கானைக் கழுவ வேண்டும், கழுவினால் மறுபடி படியும். அந்த ஊரில் அவளுடைய உத்தியோகம் கடலோடு மல்லுக்கட்டுவதுதான். செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்தில் கூட்டம். மேஜையைச் சுற்றி ஆண்கள். அதில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, “குடும்பமெல்லாம் எங்க மேடம்?” என்றார். மதுரையில் என்றாள். “அச்சச்சோ, குழந்தையை யாரு பாத்துக்கிறாங்க?” அவருக்குப் பக்கத்தில் இருந்த பொறியாளர் சேலத்துக்காரர், அவருடைய குடும்பமும் சேலத்தில்தான் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். மங்கை சிரித்துக்கொண்டே, “அவளே பாத்துக்கிறா சார்,” என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அது எவ்வளவு பெரிய உண்மை என்று இப்போது, இந்த ஈர் நிறைந்த தலைக்கு மேலே, தெரிந்தது. சீப்பைத் துடைத்தாள். செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வடிவு கூப்பிடவே இல்லை.

“அம்மா, எரியுது.” சீப்பு ஒரே இடத்தில் நின்று தோலை அழுத்திக்கொண்டிருந்தது. கையை எடுத்தாள். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அந்த இடத்தில் தடவினாள். ‘அம்மா’ என்று சொன்னாளே, அது போதாதா? அம்மா என்ற சொல்லைக் கடைக்காரர்கூடச் சொல்வார். என்ன வேணும்மா, கத்தரிக்காய் வேணுமாம்மா.

புதன். விரல் நின்றது. புதன்கிழமை சாயங்காலம். தெற்கு உப்பளத்து ஓரம், கம்பத்தின் உச்சியில் லைன்மேன் ஆரோக்கியசாமி. வெடித்த பீங்கானை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே அவள் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. கம்பம் ஏறுகிறவர் தன் பெயரில் ‘லைன் கிளியர்’ வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். துணைமின் நிலையத்தில் லைனை நிறுத்திவிட்டார்கள், இனி ஏறலாம் என்பதற்கு அந்தப் பேர். வேலை முடிந்து இறங்கி வந்து அவரே தன் வாயால், தன் பெயரைச் சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. அவருடைய அண்ணன் சொன்னாலும் செல்லாது, அவள் சொன்னாலும் செல்லாது. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இதில் மங்கை கறார். புதிதாக வந்த ஒருவன் ஒருமுறை போனில் ‘ம்’ என்று சொன்னதற்கு எல்லார் முன்னாலும் வைத்து வாங்கினாள். “ம்னா என்னய்யா அர்த்தம்? இறங்கிட்டேன்னு அர்த்தமா, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தமா, கொட்டாவி விடுறேன்னு அர்த்தமா? ஒரு உசுரு மேல நிக்குது. ம்முன்னு சொல்லாத. வாயைத் திறந்து சொல்லு.” அதற்கப்புறம் அவளுக்கு அங்கே ‘வாயைத் திற மேடம்’ என்று பேர். அவளுக்கும் தெரியும். அந்தப் பேர் பிடித்தும் இருந்தது. அந்தச் சாயங்காலத்தில் ஆரோக்கியசாமி மேலே இருக்கும்போது அவள் கையில் இருந்த போன் அடித்தது. வடிவு மதினி. வீட்டிலிருந்து வேலை நேரத்தில் போன் வந்தால் பிள்ளைக்கு ஏதோ என்றுதான் முதலில் தோன்றும். எடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அது தெரிந்ததும் காது தானாக மூடிக்கொண்டது. கண் மேலேயே இருந்தது. இடுப்புக் கயிறு, இடது கால், பீங்கான், கயிறு. காதில் வடிவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது, திருப்பூர், அவரு, சர்க்கரை, மகி, பக்கத்திலேயே ஸ்கூல். குரல் நின்ற இடங்களில் எல்லாம் அவள் ‘ம்’ என்றாள். ம். ம். ம். கடைசியில் குரல் கொஞ்சம் நீண்டு நின்றது. அது கேள்வியாக இருக்க வேண்டும். அங்கேயும் அவள் ‘ம்’ என்றாள். “அப்பச் சரி, வச்சிர்றேன்,” என்றது குரல்.

அவ்வளவுதான். அதுதான். நான் சொன்னது அதுதான்.

அவளுக்கு முதலில் வந்தது ஒரு சிரிப்பு. அது தொண்டைக்கு வருவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது. யாரிடம் போய் இதைச் சொல்வது? மதினி, நான் சொன்ன ‘ம்’ அந்த ‘ம்’ இல்லை. வடிவு என்ன நினைப்பாள்? இரண்டு வருஷம் என் பிள்ளையைச் சோறு ஊட்டி வளர்த்தவள், வளர்த்த கையோடு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய கேள்வியாக இருந்திருக்கும். ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்திருப்பாள். அதற்கு நான் ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். ஆரோக்கியசாமி பத்திரமாக இறங்கினார். பெயரைச் சொல்லி, முழு வாக்கியமாகச் சொல்லி, திருப்பிக் கொடுத்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு அவர்களுடைய அப்பாவைப் பத்திரமாக அனுப்பிவைத்தேன். தெருக்களில் வரிசையாக வெளிச்சம் வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம். அதை மறைக்க முடியாது. மனசுக்குள்ளேயாவது மறைக்கக் கூடாது. அந்த ஊரில், அந்த உப்புக் காற்றில், எல்லோரும் என் வாயைப் பார்த்து நிற்கும்போது, நான் முழுசாக இருக்கிறேன். இங்கே வந்தால் பாதியாக இருக்கிறேன். வேலையை விட்டுவிடு என்று அம்மா சொன்னாள், சொக்கலிங்கம் சொல்லாமல் சொன்னான். விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இதே தரையில், இதே பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், உனக்காகத்தானே விட்டேன் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிடும். விழுந்ததைப் பொறுக்க முடியாது. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் இரண்டு வருஷமாக ஓடுகிறாள். மதுரைக்கு மாற்றல் கேட்டு மேலிடத்துக்கு நடந்தாள், நடந்தாள், ஆகட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். வேதாரண்யத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்றால், புயல் வந்தால் விடிய விடிய வெளியே நிற்கிற உத்தியோகம். பிள்ளையை எந்தக் கம்பத்தில் கட்டிப் போடுவது? எல்லா வழியும் ஒரு சுவரில் போய் நிற்கிறது. சுவரைத் தொட்டுவிட்டு மனசு திரும்பி வருகிறது, மறுபடி அதே வழியாகப் போகிறது. அப்படியானால் திருப்பூர் நல்லதுதானே? வடிவு நல்லவள்தானே? நல்லவள்தான், நல்லவள்தான். அதுதான் தாங்கவில்லை.

வியாழக்கிழமை கதை சொல்லப் போன் செய்தபோது மகிழினி எடுக்கவில்லை, தூங்கிவிட்டாள் என்றார்கள். மணி எட்டுகூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமையும் தூங்கிவிட்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கதை உண்டு. மின்கம்பத்தில் கம்பித் துண்டுகளால் கூடு கட்டி ஊரையே இருட்டாக்குகிற ஒரு காக்காயின் கதை, மூன்று மாதமாக முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது. கதை கேட்கிற பிள்ளை உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவளுக்கு ஓடாது. உம், உம் என்று கேட்டுக்கொண்டே வரும். வர வர நீளும். ஒரு இடத்தில் வராது. தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மங்கை கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருப்பாள், மூச்சு கேட்கிறதா என்று. இரண்டு நாள் கதை இல்லை என்றதும் எனக்கு என்ன தோன்றியது? சொல்லு, என்ன தோன்றியது? அப்பாடா என்று தோன்றியது. அசதியாக இருந்தது. காக்காய்க்கு அடுத்து என்ன ஆகும் என்று யோசித்துவைக்கவில்லை. அப்பாடா என்று படுத்துவிட்டேன்.

“மகி,” என்றாள். குரல் எண்ணெயில் வழுக்கியது மாதிரி இறங்கிவிட்டது. “காலையில எதுக்கு என்னைய வாங்கன்னு சொன்ன?”

பிள்ளை தரையில் கிடந்த ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

“அத்தை சொல்லச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“பின்னே?”

“விருந்தாளி வந்தா வாங்கன்னுதான சொல்லணும்.”

“நான் விருந்தாளியாடி?”

மகிழினி சட்டென்று திரும்பினாள். பாதித் தலை படிந்து, பாதித் தலை விரிந்து, கண் இரண்டும் சிவந்திருந்தது. “நீதான அத்தைகிட்ட ‘ம்’முன்னு சொன்ன? கூட்டிட்டுப் போகட்டான்னு கேட்டதுக்கு ‘ம்’முன்னு சொன்னேல்ல? நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுனாங்க. எனக்குக் கேட்டுச்சு.” இந்த ‘நீ’ கன்னத்தில் அறைவது மாதிரி வந்தது. அறைந்தாலும் அது ‘நீ’தான் என்று மங்கையின் மனசில் ஏதோ ஒன்று அற்பமாகச் சந்தோஷப்பட்டது. அதற்காகவே வெட்கமாக இருந்தது.

“நான் அதுக்குச் சொல்லல தங்கம்.”

“எதுக்குச் சொன்ன?”

“ம்முன்னா... கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். நீ கதைக்கு உம் கொட்டுவேல்ல, அது மாதிரி.”

மகிழினி யோசித்தாள். அவள் எதையும் யோசித்துத்தான் நம்புவாள், சின்ன வயதிலிருந்தே. “அப்பக் கேட்டுக்கிட்டிருந்தியா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். பிள்ளை நம்பிவிடுவாள். வடிவுகூட நம்பிவிடுவாள். மங்கை சீப்பைப் பார்த்தாள். சீப்பில் எண்ணெயும் அழுக்கும் உதிர்ந்த முடியும் ஒட்டியிருந்தன.

“இல்ல,” என்றாள். “கேட்கல.”

பிள்ளை அழவில்லை. திரும்பி, முன்பு மாதிரியே முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தாள். மற்றப் பாதியைச் சீவட்டும் என்பது போல. அந்தக் குனிதல்தான் மங்கையைத் தூக்கி நிறுத்தியது. எழுந்தாள். முழங்கால் மடக்கு மரத்துப்போயிருந்தது. சமையற்கட்டு வாசலில் போய் நின்றாள். வடிவு ஒரு டப்பாவில் இட்லி அடுக்கி, மேலே மிளகாய்ப்பொடி தூவி, எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சாப்பிட மங்கைக்கு. வாராவாரம் அவளேதான் கட்டிக் கொடுப்பாள்.

“மதினி, மகியை அனுப்ப எனக்கு இஷ்டம் இல்ல.”

வடிவின் கை எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றது. “புதன்கிழமை சரின்னியே?”

“அன்னைக்கு ஒருத்தரு கம்பத்துல நின்னாரு. நான் அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. தப்பு என் மேலதான்.”

வடிவு கிண்ணத்தை வைத்தாள். முகத்தில் கோபம் வரும் என்று மங்கை காத்திருந்தாள், வரவில்லை. முகம் மெதுவாகக் கழன்றுபோனது போல் இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். “அங்க அவரு பிள்ளைக்குக் கட்டிலு வாங்கிப் போட்டுட்டாரு,” என்றாள். பிறகு, “அது கெடக்கட்டும். வர்றவங்க போறவங்க படுப்பாங்க.” பிறகு டப்பாவை மூடினாள். மூடிவிட்டு நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். “சரி மங்கை, உன் பிள்ளை. நான் நாளைக்குக் காலையில போய்த்தான் ஆகணும், அவருக்கு முடியல. சொக்கு ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கப் போயிருவான். ராத்திரிதான் வருவான். நீ பஸ்ஸேறிப் போயிருவ. லீவு நாளு, ஸ்கூலும் கிடையாது. நாளைக்குப் பகல்ல இந்தப் பிள்ளை யாரு கூட இருக்கும்? எனக்கு இதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேட்கல.”

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே கேட்டாள். மங்கை பதிலைத் தேடினாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, ஊருக்குப் போயிருந்தார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சொக்கலிங்கத்தின் கடையில் பகல் முழுவதும் ஒரு பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? தெரிந்த வழிகள் எல்லாம் மறுபடியும் ஒருமுறை போய்ச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தன. மகிழினி எழுந்து வந்து கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் நின்றாள். விரிந்த பாதித் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். அவளும் அதே பதிலைத்தான் கேட்டு நிற்கிறாள். போகிறேன் என்றோ போகமாட்டேன் என்றோ சொல்ல அவள் வரவில்லை. நாளைக்கு நான் யார் கூட இருப்பேன் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள்.

“என் கூட,” என்றாள் மங்கை.

“நாளைக்கா?” என்றாள் வடிவு.

“நாளைக்கு.”

“அப்ப பஸ்ஸு?”

“ஏறல.”

“நாளன்னைக்கு?”

மங்கையின் வாய் திறந்தே இருந்தது.  நாளன்னைக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு நாள், அதற்குப் பின்னால் ஒரு வாரம், ஜூன் மாதம், புயல் மாதங்கள். அவ்வளவு தூரம் பார்த்தால் நாளைக்குக்கூட இல்லாமல் போய்விடும். “தெரியல மதினி,” என்றாள். “சத்தியமாத் தெரியல.” வடிவு டப்பாவைக் கையில் எடுத்தாள்.  உள்ளறையில் சொக்கலிங்கம் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

கூடத்தில் நாற்காலிமேல் இருந்த பையில் போன் அடித்தது. மகிழினி போய் எடுத்து வந்து நீட்டினாள். துணைமின் நிலையத்திலிருந்து ஆப்பரேட்டர் முத்தையா. பின்னால் காற்று இரைந்தது. “மேடம், பஸ்ஸு ஏறிட்டீங்களா? நாளைக்குப் பீங்கான் கழுவ வண்டி வந்துருச்சு. பத்து ஊருக்குக் கரண்ட்டு கிடையாதுன்னு மைக்குல சொல்லியாச்சு. நீங்க வந்து நிக்காம லைனை நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு பெரிய ஆபீசரு. விடியக்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் அனுப்பவா?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அந்தப் பீங்கான்கள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கம்பத்தில் முதலில் பொறி பறக்கும் என்பதுகூடத் தெரியும். தன்னைப் பற்றி நாளைக்கு அங்கே என்ன பேசுவார்கள் என்பதும், யார் முதலில் பேசுவார் என்பதும் தெரியும். 

“முத்தையா, நாளைக்கு நான் வரல.”

“மேடம்? காத்து இரையுது. என்ன சொன்னீங்க? வர்றீங்களா, வரலையா?”

வடிவு டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். மகிழினி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதால் கேட்டது போதாது என்பது போல. மங்கை போனைச் சற்று வாயருகில் கொண்டுவந்தாள். அதே சொற்களைத் திரும்பச் சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்னாள்.